சந்தனம் கடித்த கால்

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அடுத்தவர் போட்டுக்கொள்ளும் பூட்ஸைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அரசுக் கொள்முதலில் அதற்கென்று ஒரு பதவி உண்டு. காவலர்கள், தபால்காரர்கள், வனக் காவலர்கள், மலையில் சாலை போடுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் பூட்ஸை மடக்கிப் பார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, தேறினால் முத்திரை, தேறாவிட்டால் திருப்பி அனுப்பு. என் முத்திரை பட்ட பூட்ஸ் இமயமலை வரை ஏறியிருக்கிறது. நான் ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடி, அதுவும் லிஃப்ட் ஓடாத நாட்களில்.

ஓய்வு பெற்றதும் இந்த விஷயம் உறுத்த ஆரம்பித்தது.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் என் அக்கா மங்களம், கல்யாணமாகிப் போன நாளிலிருந்து குடியிருக்கிறாள். அத்திம்பேர் அங்கே ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பேட்டையில் ஒரு நடைக்குழு இருக்கிறது, துர்கா பூஜை முடிந்ததும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு டார்ஜிலிங் பக்கம் சந்தக்பூ என்ற சிகரத்துக்கு நாள்கணக்கில் நடந்தே போகிறார்கள், அங்கிருந்து கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரியுமாம் என்று அக்கா ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். பாவம், நான் கிளம்பி வந்து நிற்பேன் என்று நினைத்துச் சொன்னதில்லை.

என் மனைவி தடுக்கவில்லை. "மலைக்குத்தானே? பேஷாப் போயிட்டு வாங்கோ. திரும்பி வந்து காலைப் பிடிச்சு விடுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதேள்" என்று வழியனுப்பினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கல்கத்தா பூஜைக்காக மூங்கில் கட்டிக்கொண்டிருந்தது. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளங்களுக்கு நடுவே மிச்சமிருந்த தரையிலெல்லாம் பந்தல். எங்கள் ஊரில் பந்தல் என்றால் வாழைமரமும் கீற்றும். இங்கே துணியிலும் மூங்கிலிலும் ஒரு கோட்டையையே கட்டி, ஐந்து நாளில் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். மெட்ரோ கட்டுகிறவர்கள் பந்தல்காரர்களிடம் வேலையை ஒப்படைத்திருந்தால் இந்நேரம் ரயில் ஓடியிருக்கும் என்று அத்திம்பேர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடைக்குழுவின் தலைவர் அன்று மாலையே என்னைப் பார்க்க வந்தார். பெயர் சிபு. நில அளவைத் துறை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். நாற்பது வயதிருக்கும். ஊரே அவரை அண்ணன் என்ற பொருளில் சிபுதா என்று கூப்பிடுவதால், என்னைவிட இருபது வயது இளையவரை நானும் சிபுதா என்றுதான் கூப்பிட்டேன். அக்கா அவருக்கு மாசிமா, அதாவது சித்தி. சித்திக்குத் தம்பி என்றால் மாமா. அது மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றே. நான் மாமாபாபு ஆனேன்.

"மாமாபாபு, உங்கள் வயது எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார் சிபுதா. "மூச்சு வாங்கினால் உட்காரலாம். பசித்தால் சாப்பிடலாம். காலில் ஃபோஸ்கா வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, தூக்கத்தான் வேண்டும்."

ஃபோஸ்கா என்றால் கொப்புளம். கல்கத்தாவில் நான் முதலில் கற்ற வங்காளிச் சொல் அதுதான்.

"போன தடவை ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். இன்னும் என் முதுகு அவரை மறக்கவில்லை."

"ரொம்பக் கனமோ?"

"கனம்கூடப் பரவாயில்லை. என் முதுகில் உட்கார்ந்துகொண்டு எனக்கே வழி சொல்லிக்கொண்டு வந்தார்."

அதிலிருந்து குழுவில் ஒரு சட்டம். தசமி கழிந்து பௌர்ணமியன்று வரும் லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் புறப்பாடு. லக்ஷ்மி பூஜையன்று பெஹாலாவில் சிபுதா வீட்டில் எல்லோரும் கூடி, வெறுங்காலைக் காட்ட வேண்டும். கொப்புளம் இருந்தால் ஆள் தங்கிவிட வேண்டும். சிபாரிசு செல்லாது. நம் வீடுகளில் பெண் பார்ப்பது மாதிரி இவர்கள் கால் பார்க்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓர் ஊரில் போய் இறங்கியதும் அங்கே உருப்படியான ஒரு பரிசோதனை முறை இருப்பதை அறிவது எவ்வளவு ஆறுதல்! அதில் நான் தோற்கக்கூடும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

பூட்ஸ் வாங்க பென்டிங்க் தெருவுக்குப் போனேன். வரிசையாகச் சீனர்களின் செருப்புக் கடைகள். காலையில் போகச் சொன்ன அத்திம்பேரிடம் மாலையில்தான் போவேன் என்றேன். நாள் முழுக்க நடமாடிய கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்துகிற பூட்ஸ் மலையில் மத்தியானமே கடிக்கும். மெல்லிய பருத்திக் காலுறை ஒன்று, அதன் மேல் கம்பளி உறை ஒன்று என இரண்டையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். உறையோடு உறை உரசினால் தோல் தப்பிக்கும். முன்னே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கருத்துவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, பூட்ஸை மடக்கினேன், மோந்தேன், அடித்தோலைத் தட்டிக் கேட்டேன், சுவரில் முன்பக்கத்தை உதைத்துப் பார்த்தேன். கடைக்காரர் மோவாயில் கை வைத்து இந்தியில் கேட்டார்: "பாபுஜி, நீங்கள் இதை வாங்கப் போகிறீர்களா, இதற்குப் பெண் கொடுக்கப் போகிறீர்களா?"

"பெண் கொடுப்பதென்றால் இவ்வளவு பார்க்க மாட்டேன்" என்றேன். அவர் பெட்டியைக் கட்டிவிட்டு, கூட ஒரு ஜோடி லேஸை இனாமாகப் போட்டார்.

புது பூட்ஸைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வீட்டுக்குள். பிறகு தெருக்கோடி வரை. பிறகு சுமையில்லாமல் அரைநாள். கடைசியில் சுமையோடு. மேல்தோலுக்கு விளக்கெண்ணெய். காலுக்குப் படிகாரத் தண்ணீர், தோல் உரம் பெற. நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டு. விரலிடுக்கில் ஈரம் நிற்க விடாதே. எங்காவது சூடு தெரிந்தால் அந்த க்ஷணமே நின்று, கழற்றிப் பார். சூடு என்பது கொப்புளத்தின் முன்னறிவிப்பு. இந்தக் கடைசி விதியை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்பதற்கு அளவில்லை.

சப்தமியன்று பூட்ஸ் கால்களோடு அக்கா வீட்டுக் கொலுவைச் சுற்றி வந்தேன். "நவராத்திரிக்கு எல்லாரும் பாட்டுப் பாடுவா. என் தம்பி பரேடு பண்றான்" என்று அக்கா சுண்டல் வாங்க வந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினாள்.

அஷ்டமியன்று வெளியே இறங்கினேன். கல்கத்தா நொண்டிக்கொண்டிருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. பூஜைக்குப் புதுத் துணி மாதிரியே புதுச் செருப்பும் கட்டாயம், புதுச் செருப்போடு பந்தல் பந்தலாக நடப்பதும் கட்டாயம். நகரமே ஒரே நாளில் புது ஜோடியை மாட்டிக்கொண்டு, பழக்காமல், உறை போடாமல், மைல்கணக்கில் நடக்கிறது. பட்டுப் புடவைப் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் போகிறார்கள். மருந்துக்கடை வாசலில் பிளாஸ்திரிக்கு வரிசை. நடைபாதையில் ஒரு புதுமாப்பிள்ளை மண்டியிட்டு மனைவியின் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னது காதில் விழுந்தது: "சீக்கிரம் ஒட்டு. இன்னும் பாலிகஞ்ச் பந்தல் நாலும் பாக்கியிருக்கு."

யாராவது வருத்தப்படுகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. நகரம் முழுக்க வலி, நகரம் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் இரட்டை உறையோடு, வலியில்லாமல், கொஞ்சம் அகம்பாவத்தோடு நடந்து வீடு திரும்பினேன்.

நவமியன்று சங்கடம் வந்தது.

நவமி நமக்கு ஆயுத பூஜை. அத்திம்பேர் தன்னுடைய டைப்ரைட்டர், கத்தரிக்கோல், அகராதி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் ஆயுதம் எங்கே?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன், அத்திம்பேர்."

"இப்ப நீ செய்யற தொழில் நடக்கறது. அதுக்கு ஆயுதம் பூட்ஸ். கொண்டா."

அக்கா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "என்னது! தோல் செருப்பைக் கொண்டுபோய் சரஸ்வதிகிட்டயா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"மிருதங்கம் தோல் இல்லையாடி? வருஷா வருஷம் எதிராத்து மிருதங்கத்தை இங்கதானே கொண்டுவந்து வைக்கறா?"

"மிருதங்கத்தைக் கால்லயா மாட்டிக்கறா?"

"கண்டக்டர் பஸ்ஸுக்கு மாலை போடறான். அதோட டயர் சேத்துல போறதில்லையா?"

வாதம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் சமரசம்: பூட்ஸ், புது ஜோடி என்பதாலும் மலையில் ஆளைக் காப்பாற்ற வேண்டியது என்பதாலும், செய்தித்தாள் விரித்து ஓர் ஓரமாக வைக்கப்படலாம். அத்திம்பேர் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். நான் பதறினேன். "மேல்தோல்ல வைக்காதேங்கோ! எண்ணெய் போட்டிருக்கேன், கறை படியும்." கறை படிந்த ஜோடியை நான் என் காலத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"சரி, வெளியில தெரியாம உள்ள வச்சுடறேன்" என்றார் அத்திம்பேர். வைத்தார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை தொடக் கூடாது. புத்தகத்தைப் படிக்கக் கூடாது, டைப்ரைட்டரைத் தட்டக் கூடாது. ஆகவே பூட்ஸைப் போடக் கூடாது. அரைநாள் நடை என்று நான் வகுத்திருந்த நாள் அப்படியே போயிற்று. விதியை மீறுகிற பழக்கம் எனக்கில்லை. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் நொண்டிப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலை புனர்பூஜை முடிந்ததும் பூட்ஸை மாட்டினேன். அன்று தொடங்குவது நன்றாக நடக்கும் என்று நமக்கெல்லாம் நம்பிக்கை. நன்றாகத்தான் நடந்தேன். விட்டுப்போன நாளையும் சேர்த்து நடந்தேன். முதுகுப்பையில் அக்காவின் உளுந்தையும் துவரம்பருப்பையும் பொட்டலம் பொட்டலமாக நிரப்பிக்கொண்டு லேக் மார்க்கெட்டிலிருந்து பாபுகாட் படித்துறை வரை. வழியில் ஒருவர் நிறுத்தி, எந்த மளிகைக் கடைக்குச் சரக்கு கொண்டுபோகிறேன் என்று விசாரித்தார்.

அன்றுதான் துர்கை ஆற்றுக்குப் போகிறாள். லாரி லாரியாக அம்மன். கன்னத்திலெல்லாம் குங்குமம் பூசிக்கொண்ட பெண்கள். மேளக்காரர்கள் டாக் என்ற பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி ஆடி அடிக்கிறார்கள். சௌரங்கி தாண்டும்போது வலது புறங்கால் மேல், லேஸ் கட்டுகிற இடத்தில், லேசாகச் சூடு தெரிந்தது. நின்று கழற்றிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் முன்னால் மேளம், பின்னால் மேளம், பக்கத்தில் யாரோ ஒரு குண்டு மனிதர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "மாலை போட்டு அனுப்புகிறோம், அடுத்த வருஷம் மறுபடி வருவாள்" என்று அழுதுகொண்டே சிரிக்கிறார். என் கால் தாளத்துக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த விதியை எழுதியவன் அந்த மேளத்தைக் கேட்டவனில்லை.

வீடு வந்து உறையைக் கழற்றினால், புறங்காலின் நடுவே எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம்.

பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினேன். நாக்கை வெளியே இழுத்தேன். லேஸுக்கு அடியில் இருக்கும் அந்தத் தோல் நாக்கின் உட்பக்கம், அத்திம்பேர் தாராளமாக வைத்த சந்தனம் காய்ந்து, இறுகி, உப்புக்காகிதம் மாதிரி சொரசொரத்தது. இரண்டு உறையையும் தாண்டி அது தன் வேலையைச் செய்திருந்தது. மாட்டிக்கொள்ளும்முன் பூட்ஸின் உள்ளே கை விட்டுப் பார்ப்பது பாலபாடம். பார்க்கவில்லை. தெய்வ சன்னிதியிலிருந்து வருகிற சரக்கைப் பரிசோதிக்கிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

அத்திம்பேர் கண்ணாடியை உயர்த்திக் கொப்புளத்தைப் பார்த்தார். "வட்டமா இருக்கு. நான் வச்ச பொட்டு மாதிரியே."

"உங்க கைக்கு ஒரு சூடு போட்டாத் தேவலை" என்றாள் அக்கா அவரிடம். என்னிடம், "பேசாம இருந்துட்டுப் போடா. காசிக்குப் போலாம், உக்காந்துண்டே கங்கையைப் பாக்கலாம்" என்றாள்.

நான் காசிக்குக் கிளம்பி வரவில்லை. லக்ஷ்மி பூஜைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, அதற்குள் ஆறிவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். முறைப்படி யோசித்தால் அதில் தப்பில்லை. பரிசோதனை நாளுக்கு முன் சரக்கின் நிலையை யாருக்கும் தெரிவிக்கும் கடமை விற்பவனுக்குக் கிடையாது.

ஒன்றை மறந்துவிட்டேன். தசமிக்குப் பிறகு வங்காளிகள் வீடு வீடாகப் போய் 'ஷுபோ பிஜோயா' என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்வார்கள். சமவயதினர் கட்டித் தழுவிக்கொள்வார்கள். இளையவர்கள் மூத்தவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

மறுநாள் காலை நடைக்குழு மொத்தமும் அக்கா வீட்டுக்கு வந்தது. அறையில் இருந்ததிலேயே நான்தான் புதிய மூத்தவன். வேட்டிக்குக் கீழே கம்பளி உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மாமாபாபு, இந்தப் புழுக்கத்தில் கம்பளியா?"

"ஜலதோஷம்."

அவ்வளவுதான். கல்கத்தாவில் ஜலதோஷம் என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஐப்பசியில் காதை மறைக்கும் குல்லா போடுகிற ஊர். எல்லோரும் கவலையோடு தலையாட்டி, ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கல்லூரிப் பையன்கள் பாதி குனிந்து என் முழங்காலோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் விரல் நுனியை மட்டும் தொட்டார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக சிபுதா வந்தார். அவர் நல்ல வளர்ப்பு. தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் இரண்டு புறங்கால் மீதும் பதித்து, நெற்றியைக் கொண்டு வந்து வைத்தார்.

தீர்க்காயுசாக இரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஐயோ அம்மா!" என்று வந்தது.

சிபுதா எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே என் வலது உறையை மெல்ல உருட்டிக் கழற்றினார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும், "ஜலதோஷம் ரொம்பக் கீழ எறங்கிடுத்து" என்றாள்.

"மாமாபாபு" என்றார் சிபுதா, நிஜமான வருத்தத்தோடு. "சட்டம் உங்களுக்குத் தெரியும்."

தெரியும். சட்டத்தின் மறுபக்கமும் தெரியும். "தம்பி, திருப்பி அனுப்பின சரக்கைக் குறையைச் சரிசெய்து மறுபடி ஒரே ஒரு தடவை சமர்ப்பிக்கலாம். உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. குறை காலிலும் இல்லை, பூட்ஸிலும் இல்லை. சந்தனத்தில்." நடந்ததைச் சொன்னேன். ஒரு மனிதனின் கால் பிரசாதத்தால் புண்ணானது என்று கேட்டதும் அந்தக் குழு சிரித்த சிரிப்பில் கொலுவிலிருந்த செட்டியார் பொம்மை ஆடியது. சிபுதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. லக்ஷ்மி பூஜையன்று பார்க்கிறேன். இதே வலது காலை. தோல் மூடியிருந்தால் வாருங்கள். ஈரம் இருந்தால் இல்லை. அப்புறம் வாதாடக் கூடாது."

அன்றிலிருந்து அந்த வலது கால் பொதுச்சொத்தாகிவிட்டது. ரப்பர் செருப்பின் வாரும் சரியாக அந்த இடத்தில்தான் உட்காருமாதலால் நான் வெறுங்காலோடு வீட்டில் கிடந்தேன். பிஜோயாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரர் ஹோமியோபதி மாத்திரை கொண்டுவந்தார், நாக்கடியில் இனிப்பாக இருந்தது. அடுத்த வீட்டம்மாள் ஒரு களிம்பு. வங்காளிக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் தடவிக்கொள்கிறார்களாம். அக்கா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் மாத்திரையைச் சாப்பிட்டேன், மற்றதற்கெல்லாம் நன்றி சொன்னேன், காலில் எதையும் தடவவில்லை. கொப்புளத்தின் தோலைப் பிய்க்காமல், நீரை மட்டும் சுட்ட ஊசியால் ஓரத்தில் வெளியேற்றி, காற்றுப்பட உலர விடுவது. அவ்வளவுதான் வைத்தியம். பொறுமையைத் தவிர மற்றெல்லாம் கடையில் கிடைக்கும்.

கும்பிட வருகிறவர்களுக்கு அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். வலது காலை முக்காலியில் வைத்து மேலே துண்டு போட்டாள். "இடது கால் மட்டும். வலது கால் லீவு" என்று வங்காளியில் சொல்லி ஆட்களை உள்ளே விட்டாள். தேங்காய் நாரு, அதாவது நம்ம பூரண உருண்டைக்குப் பங்காளி, எத்தனை தின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லக்ஷ்மி பூஜையன்று சாயங்காலம் பெஹாலாவுக்கு டிராமில் போனேன். பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு. ஏறியதுமே தப்பு புரிந்தது. கூட்டம். நான்கு பக்கமும் ஷூ. என் புறங்காலில் மூடியிருந்த புதுத்தோல் ரோஜா நிறத்தில், வெங்காயச் சருகு கனத்தில் இருந்தது. ஒரு குதிகால் மிதித்தால் கஞ்சன்ஜங்கா போயிற்று. பக்கத்தில் நின்றவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் டிராமுக்கே உரக்க அறிவித்தார்: "காலைப் பாருங்கப்பா! கால் நோயாளி! மலைக்குப் போகிறவர்!"

உடனே எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இருவர் முதுகைக் காட்டி எனக்கு வேலி போட்டார்கள்.

"இந்த வயசில் சந்தக்பூவா? பேசாமல் பூரி போகச் சொல்லுங்கள்."

"ஏன், பூரியில் மணலில் நடந்தால் கால் நோகாதா? என் மாமனார் கேதார்நாத் போனார்."

"உங்கள் மாமனார் திரும்பி வந்தாரா?"

"வந்தார். அதுதான் என் மாமியாருக்கு வருத்தம்."

மோமின்பூருக்கு அந்தப் பக்கம் மின்சாரம் போய் டிராம் நின்றது. யாரும் அசையவில்லை. மாமனார் கதை தொடர்ந்தது. மின்சாரம் வந்து பெஹாலாவில் நான் இறங்கும்போது, கண்டக்டர் முதலில் இறங்கி, ஏற நின்றவர்களைக் கையால் விலக்கி, கல்யாண மாப்பிள்ளையை இறக்குவது போல என்னை இறக்கினார்.

சிபுதா வீட்டு வாசலிலிருந்து உள்ளே வரை அரிசிமாவில் சின்னச் சின்னப் பாதங்கள் போட்டிருந்தார்கள். கோகுலாஷ்டமிக்கு நம் வீட்டில் கிருஷ்ணன் நடந்து வருவானே, அதே மாதிரி இங்கே லக்ஷ்மி நடந்து உள்ளே போகிறாள், பக்கத்தில் நெற்கதிர். அதை மிதிக்காமல் ஓரமாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். சிபுதாவின் அம்மா, வெள்ளைப் புடவை, கையில் பித்தளைச் செம்பு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றினாள். சிபுதா டார்ச் விளக்கோடு குனிந்து, குதிகால், விரலிடுக்கு, பாதத்தின் அடி என்று பார்த்துக்கொண்டே வந்தார். முறையான ஆள். நான் பரிசோதித்திருந்தாலும் அதே வரிசையில்தான் செய்திருப்பேன்.

என் முறை வந்தது. புறங்காலைத் துண்டால் ஒற்றிவிட்டு, விரலால் சுற்றிலும் அழுத்தினார்.

"வலிக்கிறதா?"

"இல்லை."

"உண்மையாக?"

"முன்னே ஒரு ஐயோ சொன்னேனே, மறுபடி சொல்கிறேனா பாருங்கள்."

நன்றாக அழுத்தினார். நான் லக்ஷ்மியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமில்லை. சிபுதா நிமிர்ந்து, "பாஸ்" என்றார். பாயிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் வாழ்க்கையில் எத்தனையோ முறை சொன்ன சொல். எனக்கு யாரும் சொன்னதில்லை.

"எல்லாரும் ஆச்சா?" என்றாள் அம்மா.

"ஆச்சு, மா."

"உன்னுது?"

சிபுதா டார்ச்சை அணைத்தார். "என்னுது எதுக்கு?"

"அஷ்டமியிலிருந்து வாத்து மாதிரி நடக்கறே. உன் மாமனார் வீட்டுல பூஜைக்கு வாங்கிக் கொடுத்த கறுப்பு ஷூவைப் போட்டுக்கிட்டு மாமியார் பின்னாடி பந்தல் பந்தலாப் போனியே. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். அம்மா செம்பைச் சாய்த்தாள். வலது குதிகாலில் பழுப்பேறிய பிளாஸ்திரி. அதன் அடியில் உடைந்து பாதி ஆறிய கொப்புளம், ஓரமெல்லாம் ஈரம். ஊருக்குச் சட்டம் போட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஏனென்றால் மலைப்பாதையும் தங்குமிடமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் தங்கினால் எல்லோரும் தங்க வேண்டியதுதான்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் சிபுதா மெல்ல.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க பெரியவர். இதுதான் உங்க உத்தியோகம்னு மாசிமா சொல்லியிருக்காங்க. பார்த்துச் சொல்லுங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். குதிகாலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு, சந்தேகமில்லை. மறுசமர்ப்பணத்துக்கு நாள் இல்லை. ஆனால் எங்கள் நடைமுறையில் மூன்றாவதாக ஒன்று உண்டு. குறை தெரிகிறது, அவசரமாகத் தேவைப்படுகிறது, வேறு வழியில்லை என்றால், நிபந்தனை போட்டு ஏற்றுக்கொள்ளலாம். என் பணிக்காலத்தில் நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. மேலதிகாரிகள் கெஞ்சியும் பயன்படுத்தவில்லை.

"நிபந்தனையோடு ஏற்கலாம்" என்றேன். "ஒன்று, குதிகால் படாத பழைய கேன்வாஸ் ஷூ, பின்பக்கத்தை மடக்கி மிதித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு, ஆறும்வரை மூட்டை தூக்கக் கூடாது. அவர் மூட்டையை நாங்கள் பிரித்துக்கொள்வோம். மூன்று, நிற்கிற இடத்திலெல்லாம் காலை எனக்குக் காட்ட வேண்டும்."

"முடியாமல் போனால்?" என்றார் சிபுதா.

"தூக்குவோம். வழி மட்டும் நீங்கள் சொல்லிக்கொண்டு வரலாம். உங்களுக்கு நிஜமாகவே தெரியும்."

அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு எல்லோருக்கும் கிச்சடி வந்தது. நம் பொங்கல் நெய்யில் குளித்து, காலிஃபிளவரோடு சண்டை போட்டு வந்த மாதிரி ஒரு பதார்த்தம். இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

மலையைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். சிபுதாவின் மூட்டையிலிருந்து என் பங்குக்கு வந்தது ஒரு கெட்டில். அது ஏற்றம் முழுக்க என் இடுப்பில் இடித்தது. குதிகால் மூன்றாம் நாள் உலர்ந்தது. அவர் மூட்டையைத் திருப்பிக் கேட்டார், கெட்டிலை மட்டும் நான் தரவில்லை. சந்தக்பூ உச்சியில் விடிந்தபோது கஞ்சன்ஜங்கா முதலில் சிவந்து, பிறகு பொன்னாகி, அடிவாரம் வரை முழுசாக எழுந்து நின்றது. குழுவில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிபுதாவும் ஒரு பாறையில் உட்கார்ந்து, உறைகளைக் கழற்றி, ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். குறை ஏதுமில்லை என்று இருவரும் சொன்ன பிறகுதான் தலையை நிமிர்த்தினோம்.